டேப்பு திறந்த எஞ்சின்

வெள்ளத்தில் மூழ்கிய காரை மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது அவ்வளவு சுலபமில்லை, மேடம். நன்றாக ஷாம்பு போட்டுக் கழுவி, நாலு நாள் வெயிலில் கதவைத் திறந்து வைத்து, டேஷ்போர்டில் ஒரு எலுமிச்சை வாசனை டப்பாவை ஒட்டிவிட்டால் என் மூக்கே ஏமாந்துபோகும். ஒர்க்‌ஷாப்களில் எனக்குப் பெயரே 'மூக்கு'தான். காரின் தரைவிரிப்பைத் தூக்கி முகத்தருகே கொண்டுபோய்ப் பார்ப்பேன் என்பதால் வைத்த பெயர். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன், வாசனையை நம்பிக் கார் வாங்காதீர்கள்.

நீங்கள் கேட்க, நான் சொல்ல, அந்தக் கான்ஸ்டபிள் தம்பி கம்ப்யூட்டரில் அடிக்க, எல்லாம் தப்பும் தவறுமாகத்தான் வரும். அதனால்தான் காகிதம் கேட்டு வாங்கிக்கொண்டேன். இருபத்தெட்டு வருஷம் ரிப்போர்ட் எழுதிய கை இது. அடித்தல் திருத்தல் இருக்காது.

இன்ஷூரன்ஸ் சர்வேயர் என்றதும் நிலம் அளப்பவரா என்று கேட்டீர்கள். இல்லை. ஒருவருடைய கார் அடிபட்டாலோ, தண்ணீரில் மூழ்கினாலோ நஷ்டஈடு கேட்டு கிளைம் போடுவார். கம்பெனி எங்களில் ஒருவரை அனுப்பும். என்ன சேதம், எதனால் வந்தது, அவர் சொல்வது நிஜமா, இல்லை காதில் பூ சுற்றுகிறாரா என்று பார்த்து நாங்கள் எழுதிக் கொடுப்போம். அதை வைத்துத்தான் கம்பெனி பணம் கொடுக்கும், இல்லையென்றால் கையை விரிக்கும்.

இந்த ஊரில் அந்தக் கம்பெனிக்கு நாங்கள் இரண்டு பேர். நான் ஒருவன், டேப்பு இன்னொருவன். வெள்ளக் கார் என்றால் தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்று தரையிலிருந்து அளந்து சாக்பீஸால் கோடு போடுவான். அதற்காகப் பையில் எப்போதும் இருக்கும் அளவு டேப்தான் அவனுக்குப் பெயரானது. கல்யாணத்தன்றுகூட அது சட்டைப் பையில் இருந்தது என்று அவன் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவள் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அவனுக்குக் கூடப் பிறந்தவர்களும் கிடையாது. ஒரே மகள். எனக்கும் என் மனைவிக்கும் பிள்ளை இல்லை. டேப்பைவிட நான் ஒரு வயது மூத்தவன் என்பதால் அந்தப் பெண் என்னைப் பெரியப்பா என்பாள். பள்ளிக்கூடத்தில் அவள் பரிசு வாங்கியபோது முன்வரிசையில் நாங்கள் இரண்டு பேரும்தான் உட்கார்ந்திருந்தோம். கைதட்டியதில் என் சத்தம்தான் அதிகம் என்று டேப்பு கேலி செய்வான்.

எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு வழக்கம் இருந்தது. பெரிய சேதமென்றால் இரண்டாவது சர்வேயரும் வண்டியைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது கம்பெனி விதி. நான் எழுதியதற்கு அவன், அவன் எழுதியதற்கு நான். போனில் "நீ பார்த்தியாடா?" என்பான். "பார்த்தேன்" என்பேன். அதோடு சரி. பானெட்டைக்கூடத் திறக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவான். நானும் அப்படித்தான். விதிப்படி தப்பு என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அத்தனை வருஷத்தில் அப்படிப் போட்ட ஒரு கையெழுத்தும் எங்கள் காலை வாரியதில்லை.

போன வருஷ மழையில் ஏரி நிரம்பி எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. காலை பத்து மணிக்குள் என் கார் சீட் முழுகி நின்றது. மறுநாள் மதியம் தண்ணீர் வடிந்தது. அதற்குப் பிறகு வண்டியின் சாவி ஒரு முறை திருப்பப்பட்டது.

திருப்பியது நான்தான்.

தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யக் கூடாது, மேடம். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீரில் முட்டும். தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தூக்கித் தள்ளுகிற ராடு வளைந்துபோகும், எஞ்சின் அவுட். சாதாரண பாலிசியில் அதற்கு ஒரு பைசா பெயராது. அது வெள்ளம் செய்த சேதம் அல்ல, சாவியைத் திருப்பிய கை செய்த சேதம் என்பதுதான் கணக்கு. இதை எத்தனையோ பேர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். ஒரு டாக்டரம்மா என் முன்னால் உட்கார்ந்து அழுதார். ஒருவர் தன் பிள்ளை தெரியாமல் செய்துவிட்டான் என்று கும்பிட்டார். நான் ஒரு எழுத்தை மாற்றவில்லை.

பிறகு நீ ஏன் திருப்பினாய் என்றுதானே கேட்பீர்கள். மறுபடியும் மழை கட்டிக்கொண்டு வந்தது. வண்டியைத் தெருமுனை மேட்டில் ஏற்றிவிடலாம் என்று தோன்றியது. சுவரில் இருந்த கறையைப் பார்த்து, காற்று உள்ளே போகிற குழாய் வரை தண்ணீர் ஏறியிருக்காது என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். மற்றவர்கள் கணக்குத்தான் தப்பும் என்று ஒரு நினைப்பு. 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம். வாசலில் நின்ற என் மனைவி, "என்னங்க சத்தம்?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன்.

கிளைம் ஃபாரத்தில் ஒரு கேள்வி இருக்கும். தண்ணீர் புகுந்த பிறகு எஞ்சினை இயக்க முயன்றீர்களா என்று. இல்லை என்று எழுதினேன்.

சொந்த வண்டியை நானே சர்வே செய்ய முடியாது. கம்பெனி டேப்பை அனுப்பியது. எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. வழக்கம்போல் போன் செய்தான்.

"நீ பார்த்தியாடா?"

"பார்த்தேன். தண்ணி உள்ள போயிருக்கு, எஞ்சினே மாத்தணும். நீ திறந்து பார்க்க வேணாம்."

"சரி, வரேன்" என்றான்.

அவன் போனது வண்டியை இழுத்துப்போய் விட்டிருந்த ஒர்க்‌ஷாப்புக்கு. மறுநாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தான். கையை எத்தனை தடவை கழுவியும் நகத்தில் கிரீஸ் போகவில்லை.

"திறந்தேன்டா" என்றான். "மூணாவது ராடு வளைஞ்சிருக்கு."

"திறக்க வேணாம்னு சொன்னேனே."

"அதனாலதான்டா திறந்தேன். இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது அப்படிச் சொல்லியிருக்கியா நீ? பார்த்தேன்னு மட்டும் சொல்லியிருந்தா, கையெழுத்தைப் போட்டுட்டுப் போயிட்டே இருந்திருப்பேன்."

என் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். அவன் தொடவில்லை. அவள் உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"இன்னும் ரிப்போர்ட் அனுப்பல. நீ ஃபாரத்தை வாபஸ் வாங்கு. பதட்டத்துல திருப்பிட்டேன்னு உன் கையால எழுதிக் கொடு. எஞ்சின் காசு போகும், போனாப் போகட்டும். பேரு நிக்கும். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வெச்சிருக்கேன்."

"நான் திருப்பல."

"டேய். என்கிட்டயா?"

"நான் திருப்பல" என்றேன்.

ஒரு நாள் வைத்திருப்பதாகச் சொன்னவன் இரண்டு நாள் வைத்திருந்தான். பிறகு அனுப்பிவிட்டான். நாலே வரி. மூன்றாவது ராடு வளைந்துள்ளது, எஞ்சின் இயக்கப்பட்டுள்ளது, உரிமையாளர் கூற்று ஏற்கத்தக்கதல்ல, போட்டோ இணைப்பு. போட்டோவில் ராடுக்குப் பக்கத்தில் அந்த அளவு டேப்பை வைத்து எடுத்திருந்தான்.

நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கள், மேடம். நான் அவனிடம் பொய்க் கையெழுத்துக் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எத்தனையோ தடவை போட்ட கையெழுத்தை இன்னும் ஒரு தடவை போடச் சொன்னேன். ஊரில் எவனோ ஒருவன் வண்டி என்றால் திறக்க மாட்டானாம். என் வண்டி என்றதும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டானாம். எதிராளி குத்தினால் கையால் தடுக்கலாம். இவன் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே குத்தினான்.

பொய்த் தகவல் கொடுத்தேன் என்று கம்பெனி என்னைத் தன் பட்டியலிலிருந்து எடுத்தது. எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒர்க்‌ஷாப் பக்கம் போனால், அதுவரை 'சார்' என்றவர்கள் 'அண்ணே' என்றார்கள். ஒருவன் எல்லார் முன்னாலும், "என்ன மூக்கண்ணே, சாவியைத் திருப்பறதுக்கு முன்னாடி மோந்து பார்க்கலையா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

அந்த எட்டு மாதமும் டேப்பு ஞாயிறு தவறாமல் மகளோடு வந்தான். அவள் பிசியோதெரபிஸ்ட். என் மனைவியின் முழங்காலுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். இவன் என் எதிரே உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பான். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஒன்பதாவது மாதம் கம்பெனி என்னைத் திரும்பக் கூப்பிட்டது. "அவரு ஏழு தடவை வந்து கேட்டுக்கிட்டாரு சார். உங்க ரிப்போர்ட் எல்லாத்துக்கும் தானே பொறுப்புன்னு எழுதியே கொடுத்திருக்காரு" என்றார் மேனேஜர். தள்ளிவிட்டவனே வந்து கை கொடுத்துத் தூக்கினால் அதற்கு நன்றி சொல்ல வேண்டும் போலிருக்கிறது. சொன்னேன். "போடா" என்று என் தோளில் தட்டினான்.

மூன்றரை மாதத்துக்கு முன்பு அவனுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. இரண்டு கண்ணும், பத்து நாள் இடைவெளியில். குனியக் கூடாது, தூசி படக் கூடாது, வெயிலில் போகக் கூடாது. அதே சமயம் அவன் மகளுக்கு ஊருக்கு வெளியே ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. பஸ் வசதி சரியில்லை. பழைய கார் ஒன்று பார்த்துக் கொடு என்று என்னிடம்தான் கேட்டான். கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு இப்ப கண்ணு தெரிஞ்சாலும் தெரியாட்டியும் ஒண்ணுதான்டா. நீ பார்த்தா போதும்" என்றான்.

நானும் அவளும் பழைய கார் விற்கிற இடத்துக்குப் போனோம். வெயில் சுள்ளென்று அடித்தது. அவள் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து ஒரு நீல நிற வண்டியின் முன்னால் நின்றுவிட்டாள். "பெரியப்பா, இது அழகா இருக்குல்ல?" என்றாள். விற்பவர், "ஒரே ஓனர்மா, லேடீஸ் ஓட்டின வண்டி" என்றார். எல்லா வண்டியும் லேடீஸ் ஓட்டின வண்டிதான்.

நான் வாசனை பார்க்கவில்லை. டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். யாரும் அவ்வளவு தூரம் இழுக்க மாட்டார்கள் என்பதால் அந்த அடிப்பகுதியை யாரும் கழுவுவதில்லை. பழுப்பாக ஒரு கோடு இருந்தது. அது வரை தண்ணீர் நின்றிருக்கிறது. டார்ச் அடித்து டேஷ்போர்டுக்கு அடியில் பார்த்தேன். ஸ்டீயரிங் மோட்டாருக்குப் போகிற ஒயர் இணைப்பில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது; அந்த இணைப்பு விட்டால் ஸ்டீயரிங் இறுகிவிடும். பிறகு சாவியைப் போட்டேன். ஏர்பேக் விளக்கு தனியாக எரிந்து, தன்னைத் தானே சோதித்துவிட்டுத் தனியாக அணைய வேண்டும். இதில் அது ஆயில் விளக்கோடு சேர்ந்து எரிந்து, எஞ்சின் ஓடியதும் அதோடு சேர்ந்தே அணைந்தது. ஏர்பேக் செத்துப்போன வண்டியில், விளக்கு எரிந்துகொண்டே இருந்து காட்டிக் கொடுக்கக் கூடாது என்று ஒயரை வெட்டி வேறு விளக்கோடு முடிச்சுப் போடுவார்கள். அதுதான்.

"என்ன பெரியப்பா அவ்வளவு நேரமா பார்க்கறீங்க?"

"பெல்ட்டு இழுவை சரியா இருக்கான்னு பார்த்தேம்மா" என்றேன். "நல்ல வண்டிதான். எடுத்துக்கலாம்."

அவள் அங்கேயே அப்பாவுக்குப் போன் போட்டாள். அவன் என்னிடம் கொடுக்கச் சொன்னான்.

"நீ பார்த்தியாடா?"

"பார்த்தேன்."

"அப்பச் சரி" என்றான்.

அவளுக்குக் கெடுதல் வர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, மேடம். அந்தப் பெண்ணை நான் தோளில் தூக்கித் திரிந்தவன். நான் நினைத்தது டேப்பைத்தான். வண்டி பத்து நாளுக்கு ஒரு தடவை மக்கர் பண்ண வேண்டும். கண் ஆறியதும் அவன் திறந்து பார்க்க வேண்டும். கறையைப் பார்க்க வேண்டும். "பார்த்தேன்னு சொன்னியேடா" என்று என் வீட்டுக்கு வந்து நிற்க வேண்டும். நம்பினவன் கைவிட்டால் எப்படி இருக்கும் என்று அவன் முகத்தில் ஒரே ஒரு தடவை நான் பார்க்க வேண்டும். இதுதான் என் ஆசை. இது பெரிய ஆசை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏர்பேக் வேலை செய்யாது என்று தெரிந்தேதான் அவளை ஓட்ட விட்டாயா என்று இரண்டு முறை கேட்டீர்கள். தெரியும். ஆனால் அவள் நிதானமாக ஓட்டுகிறவள். ஏர்பேக் தேவைப்படாது என்று கணக்குப் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் எனக்குப் போன் செய்தாள். "பெரியப்பா, திரும்பறப்ப சில சமயம் ஸ்டீயரிங் ஒரு செகண்ட் கல்லு மாதிரி ஆயிடுது. அப்புறம் தானா சரியாயிடுது. ஏதாவது பிரச்சனையா? அப்பாகிட்ட காட்டட்டுமா?"

இந்த இடத்தை நீங்கள் அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம். அன்றைக்கே காட்டியிருந்தால், அரைப் பார்வையில் ஏதோ ஒயரைத் துடைத்துவிட்டு, அவன் அதோடு விட்டிருப்பான். கண் முழுதாக ஆறட்டும், எல்லாவற்றையும் தெளிவாகப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். "வண்டி பழகற வரைக்கும் அப்படித்தாம்மா இருக்கும். அப்பாகிட்ட சொல்லாதே. உடனே குனிஞ்சு பார்க்கறேன்னு கண்ணைக் கெடுத்துக்குவான்" என்றேன்.

"ஆமா பெரியப்பா, அவரு சொன்னா கேட்கவே மாட்டாரு" என்று சிரித்தாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தாள்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்.

பன்னிரண்டு நாளுக்கு முன்பு, மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், பாலத்துக்கு முந்தின வளைவில் வண்டி திரும்பாமல் நேராகப் போய்த் தடுப்புச் சுவரில் மோதியது. ஏர்பேக் திறக்கவில்லை. அவள் வேலை பார்த்த மருத்துவமனைக்கே கொண்டுபோனார்கள். கூட வேலை பார்த்த பெண்கள்தான் வாசலில் ஓடிவந்து இறக்கியிருக்கிறார்கள். அதற்குள் உயிர் இல்லை.

நான் போனபோது டேப்பு வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "நீ பார்த்துக் கொடுத்த வண்டிடா. வண்டில தப்பே இருக்காது. இவதான் வேகமாப் போயிருக்கா. எத்தனை தடவை சொன்னேன், மெதுவாப் போ, மெதுவாப் போன்னு" என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவனுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்து, மாத்திரை போடவைத்து, விடியும் வரை பக்கத்தில் இருந்தவன் நான்தான். பிறகும் தினமும் போனேன். என் மனைவி இரண்டு வேளையும் சமைத்துக் கொடுத்தாள், நான் ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தேன்.

நேற்று அவன் வீட்டு மேசையில் விபத்து சர்வே ரிப்போர்ட்டைப் பார்த்தேன். வெளியூரிலிருந்து புதிதாக ஒரு ஆள் வந்து எழுதியிருக்கிறான். 'ஓட்டுநரின் அதிவேகமும் கவனக்குறைவுமே காரணம்.' டேப்பு அதை அப்படியே நம்பி, கீழே பெண்ணின் அப்பாவாகக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தான். நான் உங்கள் ஸ்டேஷன் பின்னால் நிற்கும் அந்த வண்டியைப் போய்ப் பார்த்தேன். முன்பக்கம் மடங்கியிருக்கிற அளவைப் பார்த்தாலே தெரியும், அவள் நிதானமாகத்தான் போயிருக்கிறாள். செத்துப்போன பெண்ணின் மேல், அதுவும் நம் வீட்டுப் பெண்ணின் மேல், இப்படி ஒரு பழி எழுதியிருக்கும்போது என்னால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. தப்பான ரிப்போர்ட்டை நான் என் சர்வீஸில் ஒரு நாளும் விட்டதில்லை.

யாரும் புகார் கொடுக்காதபோது நீயாக ஏன் வந்தாய் என்று கேட்டீர்களே, இதற்காகத்தான். வண்டி வெள்ளத்தில் மூழ்கியது என்று எனக்குத் தெரியும். ஸ்டீயரிங் இறுகும், ஏர்பேக் திறக்காது என்று தெரியும். தெரிந்தே வாங்கிக் கொடுத்தேன். அவள் கேட்டபோது தெரிந்தே வாயை அடைத்தேன். எழுதியது நான், யாரும் வற்புறுத்தவில்லை.

டேப்புக்கு ஆள் அனுப்பியிருப்பதாகச் சொன்னீர்கள். வரட்டும். முதலில் கத்துவான். அடிக்கக்கூடச் செய்வான், நீங்கள் யாரும் குறுக்கே வர வேண்டாம். பிறகு ஆறிவிடுவான். அவன் என் வண்டியைத் திறந்ததை நான் மன்னித்துவிட்டேன், அவனும் இதை மன்னிக்கத்தான் வேண்டும். கோபத்தை எத்தனை நாள் பிடித்து வைத்திருப்பான்? கட்டியவளும் போய்விட்டாள், பெற்றதும் போய்விட்டது. அவனுக்கு இனி என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?